கல் இருந்த இடம்

செல்வகுமாரியின் கால் சும்மா இருக்காது. வகுப்பில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் ஆடத் தொடங்கும். கால் ஆடினால் பெஞ்சு ஆடும். பெஞ்சு ஆடினால் பக்கத்தில் எழுதுகிறவர்களின் எழுத்து கோணிக்கொண்டு போகும். முதுகலைக் கடலியல் இரண்டாம் ஆண்டில் மொத்தமே பதினொரு பேர். மற்ற பத்துப் பேரும் முதல் மாதத்திலேயே கூடிப் பேசி, கடைசி பெஞ்சு அவளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவளுக்கும் அது வசதியாகப் போயிற்று. கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கல்லூரியின் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல்.

அலையெல்லாம் தெரியாது. மதிலுக்கு மேலே ஒரு முழ அகலத்துக்கு நீலப் பட்டை மட்டும் தெரியும். எப்போதாவது அந்தப் பட்டையில் ஒரு கப்பல் வரும். ஜன்னலின் இடது கம்பியில் தோன்றி வலது கம்பியில் மறைய ஒரு வகுப்பு முழுக்க ஆகும். அந்த வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று அவளைக் கேட்டால் தெரியாது. கப்பலின் பின்பக்கம் என்ன நிறம் என்று கேட்டால் தெரியும்.

அவளுடைய வீடு பாகூர் ஏரிக்குத் தெற்கே, ஏரிப் பாசனத்தில் மூன்று காணி நெல் வைத்திருக்கும் வீடு. வீட்டிலிருந்து கல்லூரிக்குப் பதினொரு கிலோமீட்டர். இளங்கலை மூன்று வருடம், இப்போது இரண்டு வருடம், ஆக ஐந்து வருடமாகக் காலையும் மாலையும் அதே பதினொரு கிலோமீட்டர். ஒரு நாள் வகுப்பில் கடலின் உப்புக் கணக்கு நடந்துகொண்டிருந்தபோது அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறு ஒரு கணக்குப் போட்டாள். இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தது. பூமியைப் பாதிக்கு மேல் சுற்றியாகிவிட்டது. அதற்குள் தாண்டியதோ கன்னியக்கோயில் நாற்சந்தியை மட்டும்தான்.

விடுதிப் பெண்களைப் பார்த்தால் அவளுக்குப் பொறாமையாக இருக்கும். காரைக்காலிலிருந்து வந்தவர்கள், ஏனாமிலிருந்து வந்தவர்கள், மாஹேயிலிருந்து வந்து ஊர் மழையை நினைத்து அழுகிறவர்கள். அவர்களுக்கு வந்து சேர்ந்தோம் என்று சொல்ல ஒரு நாள் இருந்தது. அவளுக்கு அப்படி ஒரு நாளே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன அதே பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கியதுதான் அவள் கல்லூரிக்கு வந்த கதை. கேன்டீனில் டீ ஆறும்வரை உட்கார மாட்டாள். நூலகத்தில் புத்தகத்தை நின்றுகொண்டே படிப்பாள். கல்லூரியில் ஐந்து வருடத்தில் கற்றுக்கொண்டது என்ன என்று யோசித்தால், காத்திருப்பது ஒன்றுதான் நினைவுக்கு வரும். பேருந்துக்கு, மணிக்கு, பிரிண்ட் எடுக்கும் கடையில் முன்னால் நிற்கிறவனுக்கு. அதையும் அவள் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவள் கண்ணில்தான் டிசம்பர் மாதம் துறையின் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் பட்டது. ஏப்ரல் முதல் வாரம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓர் ஆய்வுக் கப்பல் புறப்படுகிறது. அந்தமான் கடல் வரை போய்த் திரும்ப இருபத்துநான்கு நாள். இவர்கள் கல்லூரிக்கு ஓர் இடம். யாருடைய கள ஆய்வு சிறப்பாக இருக்கிறதோ அவருக்கு அந்த இடம். மார்ச்சில் நேர்காணல்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. சாப்பிடும்போது தட்டு கப்பலில் எப்படி நகரும் என்று யோசிப்பாள். பேருந்தில் நிற்கும்போது கம்பியைப் பிடிக்காமல் நின்று பழகுவாள். ஏரி நீரில் மட்டும் நீந்தத் தெரிந்தவள், நான்கு பக்கமும் கரையே இல்லாத ஓர் இடத்தில் நிற்க வேண்டும். அதுதான் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அவளுடைய கள ஆய்வும் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கல்லூரி மதிலுக்குப் பின்னால் இருக்கும் கரையை மாதம் இரண்டு தடவை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து அளக்க வேண்டும். ஓர் அசையாத அடையாளத்திலிருந்து தண்ணீரின் ஓரம் வரை எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்துக் குறிக்க வேண்டும். கடல் கரையைத் தின்றால் எண் குறையும். மணல் சேர்ந்தால் கூடும். ஆகஸ்டு மாதம் அவள் தேர்ந்தெடுத்த அடையாளம், கரையில் கிடந்த ஒரு கருங்கல். கதவு அளவுக்கு நீளம், ஒரு சாண் கனம். எந்தக் காலத்திலோ இடிந்துபோன மீன் ஏலக்கூடத்தின் படிக்கல். பத்து ஆள் வந்தாலும் அசைக்க முடியாது என்று நினைக்கத் தோன்றும் கல். அதன் மேல்தான் கரையில் கடை போட்டிருந்த ஜெயா அடுப்பு வைத்து மாணவர்களுக்கு பஜ்ஜியும் மீன் வறுவலும் போட்டாள்.

எட்டு மாதம் அளந்தாள். முதல் நாள் பதினெட்டு மீட்டர். பிறகு பதினேழரை, பதினெட்டு, பதினெட்டே கால். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடக்கே இரண்டு ஊர்களில் கடல் தென்னை மரங்களைத் தின்றது. அவளுடைய கரை மட்டும் அப்படியே இருந்தது. வரைபடத்தில் கோடு அடித்து வைத்தாற்போல் நேராகப் போயிற்று. வழிகாட்டிப் பேராசிரியை ஸ்டெல்லா மேடம் அந்த வரைபடத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். "அதிசயமாத்தான் இருக்கு. நம்ம முதுகுல கைய வெச்சி கடல் தாங்கிக்கிட்டு இருக்குது போல" என்றார். கப்பல் இடம் அவளுக்குத்தான் என்று துறையில் எல்லாருமே பேசிக்கொண்டார்கள். இரண்டாவதாகப் பேசப்பட்டவன் அரிகரன். வில்லியனூர்க்காரன். மீன் குஞ்சுகளை எண்ணுவது அவனுடைய ஆய்வு. அவள் அளக்கும் நாட்களில் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வருவான், பஜ்ஜிக்காக.

நேர்காணல் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாசிப் பௌர்ணமி, கடைசி அளவு. பிற்பகலில் இருவரும் மதிலின் சின்னக் கேட்டைத் தாண்டிக் கரைக்குப் போனார்கள். ஜெயாவுக்கு முப்பது வயது இருக்கும். மீனவக் குப்பத்தில் பிறந்து, பக்கத்துக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். எண்ணெயைப் பார்த்துக்கொண்டே எதிரில் நிற்பவரின் சட்டையைக் கிண்டல் செய்யத் தெரிந்தவள்.

"வா டீச்சரு. இன்னா, இன்னிக்கும் கல்லுக்கு அளவு எடுக்கணுமா? ஜாக்கெட்டு தெக்கப்போறியா அதுக்கு?"

"கடைசி தபாக்கா. இனிமே உன் கல்லுக்கு விடுதலை" என்றான் அரிகரன், தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டே.

"அப்பாடா. நல்லதாப் போச்சு. சித்திரைக்குள்ள இன்னொரு தபா நவுத்தணும். அலை மறுபடி கிட்ட வந்துக்கினு கீது."

செல்வகுமாரி டேப்பின் கொக்கியைக் கல்லின் மூலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"எத்த நவுத்தணும்?"

"கல்லத்தான். அடுப்பு வெக்க வேற எடம் எங்க கீது எனக்கு? கடல் வர வர கல்லத் தள்ளிக்கினு போறதுதான். தீவாளி மழையில ஒரு தபா. பொங்கலுக்கு ஒரு தபா. எங்க வூட்டுக்காரரு, அவரு தம்பிங்க, படகு தள்ற ஆளுங்க அத்தினி பேரும் உருட்டுக்கட்டை வெச்சி ஏலேலோ போட்டுத் தள்ளினாங்க. கடையும் கூடவே வரும். இன்னாடி, ஏன் மூஞ்சி இப்பிடிப் போவுது?"

தீபாவளி மழைக்குக் கல்லூரிக்குப் பத்து நாள் விடுமுறை. பொங்கலுக்கு ஒரு வாரம். இரண்டு தடவையும் அவள் ஊரில் இருந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது கல் கடைக்குப் பக்கத்தில் இருந்தது, கடை கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. பின்னால் நின்ற சவுக்குத் தோப்பை இடையில் வெட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மதிலோ வெகு தூரத்தில் இருந்தது. வேறு எதை வைத்துச் சந்தேகப்படுவது? கடல் ஊரைப் பார்த்து வந்தது, கல்லும் ஊரைப் பார்த்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் பதினெட்டு மீட்டர்.

அரிகரனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து பஜ்ஜியோடு அதையும் விழுங்கினான்.

"நவுத்தறப்ப ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?" என்றாள் செல்வகுமாரி.

"நீ கேட்டியா? எட்டு மாசமா வர்ற. தண்ணி இன்னா சூடு, மணல் இன்னா நெறம்னு எழுதிக்கினு போற. கல்லு நல்லா கீதான்னு ஒரு நாள் கேட்டிருப்பியா? கேட்டிருந்தா சொல்லியிருக்கப் போறேன்."

கேட்டிருக்க வேண்டியதுகூட இல்லை. ஒவ்வொரு தடவையும் கைப்பேசியில் அந்தக் கல்லின் ஜிபிஎஸ் எண்ணை எடுத்து எழுத வேண்டும் என்று ஸ்டெல்லா மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். முதல் நாள் எடுத்தாள். அடுத்த பதினைந்து தாளிலும் அதே எண்ணைப் பார்த்து எழுதினாள். கல் எங்கே போய்விடப்போகிறது?

மீனவர் வீட்டுப் பிள்ளை அப்படி நினைத்திருக்காது. கரையில் கிடக்கும் எதுவும் அடுத்த மழைக்கு அங்கேயே இருக்கும் என்று அவர்கள் நம்புவதில்லை. அவள் ஏரிக்காரி. ஏரி மதகில் ஒரு கல் நிற்கிறது. அதில் ஐந்து கோடு. தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் திறப்பது என்று முடிவாகும். அவள் பிறந்ததிலிருந்து அந்தக் கல் அங்கேதான் நிற்கிறது. கல் என்றால் நிற்கும். அதைத் தவிர வேறு மாதிரி அவளுக்கு நினைக்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை வீட்டில் இருக்க முடியவில்லை. மடிக்கணினியைத் திறந்தாள், மூடினாள். அம்மா தையலம்மாள் துவரை காயவைத்த இடத்தில் மூன்று தடவை குறுக்கே போய் மிதித்தாள்.

"ஏண்டி, கப்பல் ஏறப்போறவ இப்பவே ஆடிக்கினு கீற. ஒண்ணு உள்ள இரு, ஒண்ணு வெளிய இரு."

அப்பா பச்சையப்பன் ஏரிக்குத் தண்ணீர் பார்க்கக் கிளம்பினார். அவளும் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டாள். கரையின் மேல் பனைகளுக்கு நடுவே போகும்போது அவர் எதிரில் வந்த இரண்டு பேரிடம் வண்டியை நிறுத்தி, "பாப்பா அந்தமான் போவுது" என்றார். இரண்டாவது ஆள், "அது அந்தக் காலத்துல தப்பு பண்ணவங்களப் புடிச்சிக்கினு போயி உடற எடமாச்சே" என்றார்.

"இது கவுர்மெண்டே சோறு போட்டுக் கூட்டிக்கினு போறது" என்றார் அப்பா.

"அதையும் கவுர்மெண்டுதான் கூட்டிக்கினு போச்சி."

இருவரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மதகுக் கல்லில் மூன்றாம் கோட்டுக்குக் கீழே ஈரமாகத் தெரிந்தது. அப்பா குனிந்து பார்த்துவிட்டு விரலால் கோட்டைத் தடவினார்.

"யப்பா, இந்தக் கல்ல யாராவது நவுத்திட்டா இன்னா ஆவும்?"

"எதுக்கு நவுத்தணும்?"

"சும்மா கேக்கறேன்."

"வெட்டு குத்து ஆயிடும். அஞ்சு ஊரு வந்து நிக்கும் இங்க." அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஏரி சங்கத்துல யாராவது இன்னா சொன்னாங்களா?"

"இல்லப்பா."

"பின்ன ஏன் இந்தக் கேள்வி? கல்ல நவுத்தறதாம்!" ஆற்றாமையோடு தலையை ஆட்டிக்கொண்டு வண்டியை உதைத்தார். வீடு வரும்வரை கரும்பு வெட்டுக்கூலி ஆட்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். சொல்லப்போவதில்லை. யாருக்கு என்ன நஷ்டம்? இருபத்துநான்கு நாள் கப்பலில் போய்விட்டு வந்து, மே மாதம் ஆய்வேட்டில் கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவிட்டால் போயிற்று. அரிகரனுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். "நாளைக்கு வாயத் தொறக்காத." அவன் வெகுநேரம் கழித்து, "எனக்கு எதுக்குடி வாய்? நான் மீன் குஞ்சு எண்றவன்" என்று பதில் போட்டான். அதற்குப் பிறகு அவளுக்குக் கொஞ்சம் பசித்தது.

திங்கட்கிழமை நேர்காணல் அறையில் மூன்று பேர். கல்லூரி முதல்வர், ஸ்டெல்லா மேடம், கப்பலை அனுப்பும் நிறுவனத்திலிருந்து வந்த புகழ்வேந்தன் என்ற விஞ்ஞானி. புகழ்வேந்தனுக்கு வெயிலில் கறுத்த கழுத்து, ஓயாமல் பேனாவைத் திருகும் கை. தன்னைப் போலவே சும்மா இருக்கத் தெரியாத மனிதர் என்று பார்த்ததும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

பதினைந்து நிமிடம் தடங்கலில்லாமல் பேசினாள். வரைபடம் திரைக்கு வந்தபோது புகழ்வேந்தன் பேனாவைத் திருகுவதை நிறுத்தினார்.

"வடக்கே ரெண்டு இடத்துல நாங்க அளந்தோம். ஒண்ணுல இருபது மீட்டருக்கு மேல போயிடுச்சு. உங்க கரை அசையவே இல்லையே!"

"ஆமாம் சார்."

"எட்டு மாசமும்?"

"ஆமாம் சார்."

"பிரமாதம். இப்படி ஒரு அசையாத கரையத்தான் நாங்க தேடிக்கிட்டு இருந்தோம்." அவர் முதல்வர் பக்கம் திரும்பினார். "மழைக் காலத்துல குப்பத்துப் படகுகளை எங்க ஏத்தி வைக்கலாம்னு ஒரு வரைபடம் தயார் பண்றோம். இந்த அசையாத கரையை அதுல குறிச்சிடலாம். மாணவி பேரோடதான்." பிறகு அவளைப் பார்த்து, "கப்பல்ல தூக்கம் வராதுன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. மூணாம் நாள் நல்லா வரும்" என்றார்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. நன்றி சொல்லி வெளியே வர வேண்டியதுதான். அவள் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மேசைக்குக் கீழே கால் ஆடிக்கொண்டிருந்தது. அசையாத கரை, அசையாத கரை என்று அவர் சொன்ன இடத்தில் படகுகளை ஏற்றி நிறுத்தினால், ஜெயாவின் வீட்டுக்காரர் படகும் அதில் ஒன்று. ஆனால் அந்த நொடியில் அவள் அதைக்கூட நினைக்கவில்லை. அந்த நேர்க்கோட்டை இன்னொரு நிமிடம் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று மட்டும் இருந்தது.

"சார், கல்லு நகர்ந்துடுச்சு."

"எந்தக் கல்லு?"

"நான் அளந்த கல்லு. பஜ்ஜிக் கடை அடுப்புக் கல்லு. கடல் வர வர அவங்களும் தள்ளிக்கிட்டு வந்திருக்காங்க. ரெண்டு தடவை. எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும்."

முதல்வர் பெருமூச்சு விட்டார். ஸ்டெல்லா மேடம் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. புகழ்வேந்தன் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை, நல்ல கதை கேட்டவர் சிரிக்கிற மாதிரி. சிரித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எவ்வளவு நகர்ந்திருக்கு?"

"தெரியாது சார்."

"வெள்ளிக்கிழமை தெரிஞ்சுது. இன்னிக்குத் திங்கள். நடுவுல ரெண்டு நாள் இருந்துச்சே."

அந்த இரண்டு நாளும் அவள் எப்படி மறைப்பது என்று யோசித்தாளே தவிர, எவ்வளவு என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. புகழ்வேந்தன் தாளில் ஏதோ எழுதினார். பேனாவை மறுபடியும் திருக ஆரம்பித்தார்.

இரண்டு மணிக்குப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அரிகரன் பெயர் இருந்தது.

ஸ்டெல்லா மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"கல்லு நகர்ந்தது தப்பில்ல செல்வகுமாரி. அது யாருக்கும் நடக்கும். பதினாறு தாள்லயும் ஒரே ஜிபிஎஸ். கடைசி புள்ளி வரைக்கும் ஒரே எண். நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் எல்லாத்துலயும். நான் பார்த்திருக்கணும். நீ எழுதியிருக்கணும்." அவருடைய குரல் உயரவில்லை. "ஆய்வேட்டுக்கு எட்டு வாரம் இருக்கு. இப்ப உன்கிட்ட ஒண்ணுமே இல்ல. ஒரு நம்பரு கொண்டு வா. அப்புறம் பேசலாம்."

வெளியே படிக்கட்டில் அரிகரன் நின்றான். எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் போல் இருந்தான்.

"நான் வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்டி."

"குடுத்தா மட்டும் எனக்குத் தருவாங்களா? வாய மூடிக்கினு போயிட்டு வா." அவள் இரண்டு படி இறங்கி நின்றாள். "இப்ப டேப்ப எடுத்துக்கினு வா."

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் சின்னக் கேட்டைத் தாண்டி மணலில் இறங்கினாள். அவ்வளவு வேகமாக நடந்ததில் செருப்பு இரண்டு தடவை கழன்றது. அரிகரன் டேப்போடு பின்னால் ஓடி வந்தான். பிற்பகல் வெயிலில் கடல் தகரம் போல் பளபளத்தது. ஜெயா எண்ணெயை இறக்கி வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாச்சு டீச்சரு, கப்பலு?"

"போச்சு."

ஜெயா கத்தியைக் கீழே வைத்தாள். "என் கல்லாலயா?"

"என்னாலக்கா. மொத மொதல்ல இந்தக் கல்லு எங்க இருந்துச்சு? எனக்கு எடம் தெரியணும். சும்மா அங்கன்னு கையக் காட்டாத. சரியா எடம் தெரியணும்."

"அங்க இப்ப தண்ணி கீதுடி."

"தெரியும். தண்ணியில எங்க?"

ஜெயா கடலைப் பார்க்கவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று ஊரைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னக்கா பாக்கற?"

"படகு ஓட்றவங்க கடலுக்குள்ள எடத்த எப்பிடிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு நெனச்ச? கரையத்தான் பாப்பாங்க. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ரெண்டும் ஒண்ணா சேந்து நிக்கணும். அப்பிடி ரெண்டு பக்கம் பாத்தா எடம் மாறாது. பழைய கடையில அடுப்பாண்ட நின்னா, மாரியாத்தா கோயில் கலசம் தண்ணி டேங்குக்கு வலது பக்கமா இம்மா தூண்டு எட்டிப் பாக்கும். இங்கேருந்து பாரு, தெரியுதா? டேங்கு முழுசா மறச்சிடுச்சு." பிறகு தெற்கே கையை நீட்டினாள். "அந்தாண்ட செல்போன் டவரும், மாதா கோயில் சிலுவையும். அது ரெண்டும் ஒரே கோடா நிக்கும். எம் புள்ள அழுவறப்பல்லாம் அத்தத்தான காட்டி சோறு ஊட்டினேன்? எனக்கா தெரியாது?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜெயா தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. ஒவ்வொரு அலைக்கும் ஒரு குதி குதித்து, ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்து, இரண்டு அடி இடது பக்கம் போனாள், பிறகு உள்ளே போனாள். செல்வகுமாரி கரையில் நின்று அவளுடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கடலை ஐந்து வருடமாக ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். எப்போதும் அந்தக் கடைசியிலிருக்கும் கோட்டைத்தான் பார்த்தாள். கப்பல் போகிற இடத்தை. இந்தப் பத்துப் பன்னிரண்டு மீட்டரை, கலங்கிப்போய் மணலும் நுரையுமாகக் கிடக்கும் இந்த ஓரத்தை, அளந்த நாளில்கூட அவள் சரியாகப் பார்த்ததில்லை. ஒரு பஜ்ஜிக் கடை இதற்குள் நின்றிருக்கிறது. அவள் முதல் நாள் செருப்பைக் கழற்றிப் போட்ட இடம் இதற்குள் இருக்கிறது.

"தோ!" ஜெயா மார்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். "கலசம் தெரியுது! சிலுவையும் சேந்துடுச்சு! இங்கதான்டி அடுப்பு! சீக்கிரம் வா, கால்ல மணலு நிக்க மாட்டேங்குது!"

அரிகரன் டேப்பின் பெட்டியைக் கல்லின் மூலையில் வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டான். செல்வகுமாரி முனையைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் அவள் நினைத்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. ஏரித் தண்ணீர் ஆளைத் தாங்கிப் பிடிக்கும். இது காலுக்கடியிலிருந்து தரையையே இழுத்துக்கொண்டு போனது. முதல் அலையில் தடுமாறினாள், இரண்டாவதில் வாய் முழுக்க உப்பு. பின்னால் கல்லருகே அரிகரன் எண்களைக் கத்திக்கொண்டே இருந்தான்.

"இருவது! இருவத்தி மூணு! டேப்ப தூக்கிப் புடிடி, தொங்குது! இருவத்தி ஆறு!"

"கத்தாத, எழுது!"

"எந்தக் கையால எழுதறது?"

"சுமாரா எழுதாத! சரியா பாத்து எழுது!"

ஜெயா இன்னும் கைக்கு எட்டாத தூரத்தில், ஒவ்வொரு அலைக்கும் மேலே எழும்பி இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் எழும்பும்போதெல்லாம் தலையைத் திருப்பி ஊரைப் பார்த்துத் தன் இடத்தைச் சரிசெய்துகொண்டாள். செல்வகுமாரி கையை நீட்டினாள். டேப் சட்டென்று இறுகி அவளைப் பின்னால் இழுத்தது.

"முப்பது! முடிஞ்சிடுச்சி! டேப்பு அவ்ளோதான்!" என்று கரையிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் ஒரு பாகம் கீது" என்றாள் ஜெயா, இரண்டு கையையும் விரித்துக் காட்டி. "பரவால்ல வுடு, முப்பத்தி சொச்சம்னு போட்டுக்கோ."

"சொச்சம்லாம் வேணாம்க்கா. நீ அசையாம நில்லு."

அவள் டேப்பின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். நனைந்து கனத்துக் கிடந்த துப்பட்டாவைத் தோளிலிருந்து உருவி, கொக்கியில் இரண்டு முடிச்சுப் போட்டாள். மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெயாவை நோக்கித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அரி! இழுத்துப் புடி, வுட்றாத! துப்பட்டா எத்தினின்னு அப்பறம் கரையில வெச்சி அளந்துக்கலாம்!"